தூக்கிச் செல்வது வரவேற்பாகாது

சென்ற தை மாதம் என் பழைய மாணவர் ஒருவர் மூன்று நாள் பயணமாகச் சென்னைக்கு வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். சிறுவயது முதலே சக்கர நாற்காலியில் இயங்குபவர். ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும், கடலைப் பார்க்க வேண்டும், அப்படியே நான் பேசவிருந்த நூல் வெளியீட்டு விழாவுக்கும் வரவேண்டும் என்பது அவர் திட்டம். அரங்கம் மாடியில் இருக்கிறது என்றேன். "லிஃப்ட் உண்டா ஐயா?" என்று கேட்டார். "ஆள்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் சொன்னேன். என்னுடைய அந்தப் பதிலுக்கு எதிராகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இருபத்திரண்டு படிகள். நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கினர். பாதி வழியில் ஒருவர் கை நழுவ, நாற்காலி ஒருபுறம் சரிந்து பின் நிமிர்ந்தது. மேடையிலிருந்தவர் ஒலிபெருக்கியில் அவருடைய இலக்கியத் தாகத்தைப் புகழ, அரங்கம் கைதட்டியது. அவர் தலை குனிந்து புன்னகைத்தார். இடைவேளையில் நான் நீட்டிய தேநீரை வேண்டாமென்று மறுத்துவிட்டார். காரணத்தை மறுநாள்தான் சொன்னார். வெளியூர்ப் பயணமென்றால் காலை முதலே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது அவர் வழக்கம். நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை எங்கே இருக்கும் என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை. தொண்டை வறண்டு அமர்ந்திருந்தவரின் தாகத்துக்குத்தான் நாம் கைதட்டியிருக்கிறோம்.

அடுத்த நாள் மாலை அவர் மெரினாவுக்குப் போனார். அங்கே 2022 நவம்பர் 27 அன்று மணற்பரப்பின் மேல் நிரந்தர மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் சில ஆண்டுகள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டிச் சில நாள்கள் மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். ஆண்டின் மற்ற நாள்களில் கடல் அவர்களுக்கு இல்லை என்பது பொருள். நிரந்தரப் பாதையும் திறந்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. துணைக்கு வந்த தம்பி மகனைச் சுண்டல் கடையருகே நிற்கச் சொல்லிவிட்டு, மாணவர் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு பாதையின் முனைவரை சென்றிருக்கிறார். "யாரையும் கேட்காமல் போனேன் ஐயா, யாருக்கும் நன்றி சொல்லாமல் திரும்பினேன்" என்றார். பாடம் நடத்தும் என்னைப் போன்றோர் படிக்க வேண்டிய பாடம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

உதவுதல் உயர்ந்த பண்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் உதவி என்பது கட்டடத்தின் குற்றத்தை மூடும் திரையாகிவிட்டது. தூக்க நான்கு பேர் உடனே ஓடிவருவதால், ஏன் தூக்க நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. தூக்கியவர் புண்ணியத்தோடு வீடு திரும்புகிறார். தூக்கப்பட்டவர் கடன்பட்டவராகத் திரும்புகிறார். படி அப்படியே இருக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் மூன்று. முதலாவது, 'வருபவர்கள் மிகச் சிலர்தானே' என்பது. வாசலில் ஏழு படிகளைக் கட்டிவைத்துவிட்டு, உள்ளே வந்தவர்களை எண்ணிக் கணக்குச் சொல்வது என்ன நியாயம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். மூட்டுவலியோடு படியேறும் முதியவர்களும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வரும் தாய்மாரும் இக்கணக்கில் சேரவில்லை.

இரண்டாவது, பழைமை கெடும் என்பது. மின்விளக்கு, கண்காணிப்புக் கேமரா, நுழைவுச்சீட்டுக் கூடம் ஆகியவற்றை நுழைக்கும்போது கெடாத பழைமை, ஒரு மரச்சாய்தளத்தால் மட்டும் கெட்டுவிடுமா?

மூன்றாவது, 'எங்களிடம் சாய்தளம் இருக்கிறதே' என்பது. ஓரடி உயரம் ஏறக் குறைந்தது பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி. அரையடி உயரமுள்ள ஏழு படிகளுக்கு நாற்பத்திரண்டு அடி. நம்மவர்களோ அதே ஏழு படிகளின் மேல் பத்தடிக்குச் சிமெண்டைப் பூசிவிட்டுச் சாய்தளம் என்று பெயர் சூட்டுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கினால் கவிழும்.

பெயர் சூட்டுவதில் நாம் வல்லவர்கள். 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றினோம். நல்ல மாற்றம்தான், ஒரு தமிழாசிரியனாக நானும் மகிழ்ந்தேன். ஆனால் சொல்லை மாற்றியவர்கள் வாசலை மாற்றவில்லை.

இனி, இதை அரசின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்க முடியாது. அரசாங்கம் சிலவற்றையேனும் செய்திருக்கிறது. மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி உண்டு. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை சென்று போராடிய பிறகேனும், 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மாநகரில் ஓடத் தொடங்கின. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'பொதுக் கட்டடம்' என்பதில் தனியார் கட்டடங்களையும் சேர்க்கிறது. பண்பாட்டு நிகழ்ச்சிகள் நடக்கும் இடங்களையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சீர்செய்ய விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தந்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். அவகாசம் முடிந்தது 2022 ஜூனில். 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி வழக்கில், இவை வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயத் தரங்களாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, நம் இலக்கியக் கூட்டங்கள் நடக்கும் மாடியரங்கம் எவருடைய பெருந்தன்மைக்கும் உட்பட்டதன்று, சட்டத்துக்கு உட்பட்டது.

விளிம்புநிலை மனிதர்களைப் பற்றி நாம் எழுதியவை கொஞ்சமா? கருத்தரங்கு நடத்தினோம், சிறப்பிதழ் வெளியிட்டோம். அவற்றில் எத்தனையை, படியேற முடியாத ஒரு வாசகர் நேரில் வந்து கேட்டிருக்க முடியும்? வாடகை குறைவு என்று மாடியைத் தேர்ந்தெடுத்த நாளில், யார் வரவேண்டாம் என்பதையும் சேர்த்தே நாம் முடிவு செய்துவிட்டோம்.

பெரிய செலவு எதையும் நான் கேட்கவில்லை. அழைப்பிதழில் மூன்று செய்திகளை அச்சிடுங்கள்: அரங்கம் தரைத்தளத்திலா, இல்லையென்றால் மின்தூக்கி உண்டா, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டா. இல்லை என்றால் இல்லை என்றே அச்சிடுங்கள். அந்த 'இல்லை'யை நான்கு முறை அச்சிட்ட பிறகு, ஐந்தாம் முறை வேறு அரங்கம் தேட நமக்கே தோன்றும்.

இனி இம்மூன்றையும் குறிப்பிடாத அழைப்பிதழில் பேச்சாளராக என் பெயரைப் போட வேண்டாம் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் பேச்சு இல்லாததால் தமிழுக்குப் பெரிய நட்டமில்லை. அந்த மாணவரிடமும் சொல்லிவிட்டேன்: அடுத்த முறை அவர் வரும்போது நான் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் இடத்தைச் சொல்வேன், 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல மாட்டேன்.