எண்ணெய்க்கு மறுநடவு எங்கே?



சிங்கப்பூர் சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலுக்கு அருகே தேநீர் குடிக்கையில் ஓர் அன்பர் சொன்னார்: "உங்கள் மலேசியாவுக்கு என்னய்யா குறை? கடலிலேயே எண்ணெய் கிடைக்கிறது!" கிடைப்பது உண்மைதான். விற்ற பணம் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

ரப்பர் மரம் ஒருநாள் கிழடாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். அதனால்தான் 1952-ல் சட்டம் போட்டு, ஏற்றுமதி ரப்பர் மீது தீர்வை பிடித்து, மறுநடவு நிதி வைத்தார்கள். பால் வடியும்போதே அடுத்த மரத்துக்குப் பணம் ஒதுக்கு என்பது அந்தச் சட்டத்தின் நியாயம். மரமாவது நட்டால் முளைக்கும். திரங்கானுக் கடலில் வற்றிய எண்ணெய் முளைக்குமா?

"அதற்கும் 1988-ல் தேசிய அறக்கட்டளை நிதி வைத்தோமே" என்பார்கள். வைத்தார்கள். 2020 முடிவில் அதில் இருந்தது ஏறக்குறைய 1,950 கோடி வெள்ளி. பெட்ரோனாஸ் 2019-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அரசாங்கத்துக்குக் கொடுத்த லாபப்பங்கு 5,400 கோடி! அதில் 3,000 கோடி, மக்களுக்குத் திருப்பித் தரவேண்டிய வரிப்பாக்கியை அடைக்கப் போயிற்று. கணக்கெழுதும் கிராணிக்கு இது நன்றாகவே புரியும்: முதலை எடுத்துக் கடன் கட்டியிருக்கிறார்கள். 2021-ல் தடுப்பூசிக்காக அந்த நிதியிலிருந்து 500 கோடி எடுக்க வழிசெய்தார்களே, அதை நாம் குறைசொல்லவில்லை. உயிர் காக்கும் நாளில் எடுக்கத்தானே சேமிப்பு!

நார்வேயும் கடலில்தான் எண்ணெய் எடுக்கிறது. 1990-ல் சட்டம் செய்து, 1996-ல் முதல் பணம் போட்டார்கள். இன்று ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கு மேல் இருக்கிறது. முதலைத் தொடாமல், எதிர்பார்க்கும் வருவாயான நூற்றுக்கு மூன்று பங்களவே செலவுக்கு எடுப்பது அவர்கள் விதி. எண்ணெய்க் கிணறே இல்லாத சிங்கப்பூரும் சேமிப்பின் வருவாயில் பாதி வரையில்தான் ஆண்டுச் செலவுக்கு எடுக்கிறது.

நம் நாட்டிலோ, 2025 செப்டம்பர் வரை பெட்ரோல் மானியத்துக்கு ஆள் பார்க்கவில்லை. மூன்று கார் வைத்திருக்கும் சீமானுக்கு மூன்று தொட்டி நிறைய மானியம். பால் வெட்டப் போகும் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளுக்கு நாலு லிட்டர் மானியம். ஏழைக்கு உதவி என்று பெயர்! பிறகுதான் குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் என்று அளவு வைத்தார்கள்.

எண்ணெய் வருமானத்தில் இத்தனை பங்கு ஆண்டுதோறும் நிதிக்குப் போகவேண்டும் என்று சட்டத்தில் எழுதட்டும். அந்த வரவு செலவைத் தோட்டத்துப் பிள்ளையும் படிக்கும்படி நாலு மொழியிலும் வெளியிடட்டும்.