பொதுக் களஞ்சியத்தின் சாவி யார் கையில்?

எல்லாரும் உழைத்து நிரப்பிய களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு பொருளை எடுத்து வெளியே போடும் அதிகாரம் யாருக்கு? செய்து கொடுத்தவனுக்கா? காவல் இருப்பவனுக்கா? வக்கீல் வைத்து மிரட்ட வசதியுள்ள கம்பெனிக்கா? கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் தொழிலாளரிடையே உலகெங்கும் இந்தச் சண்டை ஓயாமல் நடந்துவருகிறது.

"இது படித்தவர்கள் சச்சரவு; நூற்பாலைத் தொழிலாளிக்கும் நாற்று நடும் கூலியாளுக்கும் இதில் என்ன அக்கறை?" என்று சிலர் கேட்கலாம். அக்கறை உண்டு, தோழர்களே! உழைப்பு ஒருவனுடையது, சாவி இன்னொருவனுடையது என்ற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. ஆலையிலும் வயலிலும் தினமும் பார்ப்பதுதான். அதே ஏற்பாடு வேறு உடை உடுத்தி வரும்போது அடையாளம் கண்டுகொள்ள வேண்டாமா?

பொட்டலமும் களஞ்சியமும்

ரிங் ஃபிரேமில் ஓடும் டிராவலரை நினைத்துப் பாருங்கள். நகத்தளவு கம்பி, அது இல்லாவிட்டால் நூல் முறுக்கேறிக் கண்டில் சுற்றாது. அந்தச் சின்னக் கம்பியை ஆலை தானே செய்துகொள்வதில்லை. எவனோ செய்ததை வாங்கிப் போட்டு ஓட்டுகிறது.

கம்ப்யூட்டர் புரோகிராமும் அப்படித்தான். பெரிய புரோகிராம் எழுதுகிறவன் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. ஆயிரம் பேர் எழுதி வைத்த சின்னச் சின்னத் துண்டுகளை எடுத்துச் சேர்க்கிறான். அந்தத் துண்டுகளைப் பொட்டலமாகக் கட்டி ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைக்கிறார்கள். யாரும் காசில்லாமல் எடுக்கலாம். இன்னின்ன பொட்டலம் வேண்டும் என்று பட்டியல் எழுதி வைத்தால் போதும். யந்திரமே களஞ்சியத்துக்குப் போய்க் கொண்டுவந்துவிடும். ஒரு பொட்டலத்துக்குள் பத்துப் பொட்டலம், அந்தப் பத்துக்குள் இன்னும் நூறு என்று சங்கிலி நீளும்.

இவற்றைச் செய்கிறவர்கள் யார்? பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் கண் விழித்து எழுதுகிறவர்கள். கூலி கிடையாது. ஆனால் அவர்கள் கட்டிய பொட்டலத்தின் மேல் கோடிகோடியாக லாபம் குவிக்கும் கம்பெனிகள் நிற்கின்றன.

2016 மார்ச்சில் நடந்தது

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுவோரின் களஞ்சியத்துக்கு என்.பி.எம். என்று பெயர். பண்டம் முழுவதும் ஜனங்கள் கொண்டுவந்து போட்டது. களஞ்சியத்தின் சாவியோ, 2014இல் அதே பெயரில் அமெரிக்காவில் அமைக்கப்பட்ட ஒரு தனியார் கம்பெனியின் கையில்.

அசர் கோச்சுலு என்ற புரோகிராமர் இந்தக் களஞ்சியத்துக்கு நூற்றுக்கணக்கில் பொட்டலங்கள் கொடுத்தவர். அவற்றில் ஒன்றுக்கு 'கிக்' என்று பெயர் வைத்திருந்தார். கனடாவில் கிக் என்ற பெயரில் செய்தி அனுப்பும் சேவை நடத்திய கம்பெனி ஒன்று, "அந்தப் பெயர் எங்கள் வியாபார முத்திரை, விட்டுக்கொடு" என்று கேட்டது. அவர் மறுத்தார். வக்கீல்கள் வருவார்கள் என்ற பேச்சு எழுந்தது. அதற்கும் அவர் மசியவில்லை. உடனே கம்பெனி களஞ்சிய நிர்வாகத்திடம் போயிற்று. நிர்வாகம் அவர் பெயரைப் பிடுங்கிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டது.

கோச்சுலு என்ன செய்தார்? தாம் கொடுத்த 273 பொட்டலங்களையும் மார்ச் 22ஆம் தேதி களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. மொத்தம் 11 வரி. எழுத்து வரிசையின் இடது பக்கத்தில் இடைவெளியோ பூஜ்யமோ சேர்த்து நீளத்தைச் சமப்படுத்துவது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த 11 வரியை ஒரே மாதத்தில் ஏறக்குறைய 25 லட்சம் தடவை யந்திரங்கள் எடுத்துச் சென்றிருந்தன! அது மறைந்ததும் உலகெங்கும் புரோகிராம் கட்டும் வேலை தடுமாறி நின்றது. பேபல் போன்ற பெரிய கருவிகளும் தப்பவில்லை.

சுமார் இரண்டரை மணி நேரம் குழப்பம். பிறகு என்.பி.எம். தன்னிடமிருந்த பிரதியை எடுத்து, செய்தவன் திரும்பப் பெற்றுக்கொண்ட பொருளை மறுபடி அலமாரியில் வைத்தது.

"பொறுப்பற்றவன்" யார்?

"ஒரு தனி மனிதன் கோபத்தில் உலகத்தை நிறுத்திவிட்டான், பொறுப்பற்றவன்!" என்று கூச்சல் கிளம்பியது.

நாம் கேட்கிறோம்: 25 லட்சம் தடவை எடுத்துச் சென்றபோது அவரிடம், "ஐயா, உமக்கு ஏதாவது வேண்டுமா?" என்று எத்தனை கம்பெனி கேட்டது? 11 வரியைத் தன் வீட்டில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளக்கூட முடியாத சோம்பேறித்தனத்துக்குப் பெயர் பொறுப்பா? பெயரைப் பிடுங்கும்போது வராத பொது நன்மை, பொட்டலம் மறைந்தபோது மட்டும் ஓடி வருவானேன்?

சட்டம் பேசுவோர் சொல்லலாம்: "எவரும் எடுத்து எதுவும் செய்துகொள்ளலாம் என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார், ஆகவே திருப்பி வைத்தது செல்லும்" என்று. உண்மை, அதை மறுக்கவில்லை. இன்னும் ஒருபடி மேலே போய்ச் சொல்கிறோம்: ஊருக்குக் கொடுத்த பொருள் ஊருடையது, அதை நம்பி வேலை செய்கிற சாதாரணத் தொழிலாளியின் பிழைப்பில் மண் விழக்கூடாது. ஆனால் இந்த நியாயம் இரு பக்கமும் வெட்ட வேண்டும். பொட்டலம் ஊருடையது என்றால் அதன் பெயர் மட்டும் எப்படிக் கம்பெனியுடையதாயிற்று? கொடுத்தவன் எடுக்கக்கூடாது, வக்கீல் வைத்தவன் எடுக்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

அதே மாதம் என்.பி.எம். புதிய விதி போட்டது. பொட்டலம் வைத்து 24 மணி நேரம் கடந்துவிட்டால் செய்தவன் தானாக எடுக்க முடியாது என்றது அன்றைய விதி. நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் அதைச் சார்ந்திருந்தால் எடுக்க விடமாட்டோம் என்றார்கள். விதியில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் விதியை எழுதியது யார்? பண்டம் போட்ட லட்சக்கணக்கானவர்களா? இல்லை, சாவி வைத்திருந்த கம்பெனி.

அந்தக் கம்பெனியின் குணம் அதன் சொந்தத் தொழிலாளரிடத்திலும் தெரிந்தது. 2019இல் அங்கே ஆட்குறைப்பு நடந்தது. சங்கம் அமைக்க முயன்றதற்காகவே நீக்கினார்கள் என்று சிலர் அமெரிக்கத் தொழிலுறவு வாரியத்திடம் புகார் செய்தார்கள். புகார் சமரசத்தில் முடிந்தது. 2020இல் என்.பி.எம்.மை கிட்ஹப் கம்பெனி வாங்கியது. அந்த கிட்ஹப்பை 2018இலேயே மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கிவிட்டிருந்தது. ஊரார் நிரப்பிய களஞ்சியம் கைமாறிக் கைமாறி எங்கே போய்ச் சேர்ந்தது, பார்த்தீர்களா?

தனிக் கோபம் வேலைநிறுத்தம் ஆகுமா?

மறுபக்கத்திலும் ஒரு தவறான அபிப்பிராயம் உண்டு. "எடுத்தானே, அதுதான் வீரம்! ஒவ்வொருவனும் இப்படிச் செய்தால் கம்பெனிகள் பணியும்" என்று சிலர் மெச்சுகிறார்கள். அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கோச்சுலுவின் கோபம் நியாயமானது. ஆனால் பலன் என்ன? அடி முதலில் விழுந்தது கம்பெனி முதலாளி மேல் அல்ல. அன்று வேலை முடிக்க வேண்டியிருந்த சாதாரணப் புரோகிராமர் மேல். இரண்டரை மணி நேரத்தில் பிரதி வந்துவிட்டது. கையில் இருந்த உரிமையும் விதி என்ற பெயரில் போயிற்று. யந்திரத்தின் ஒரு பல்லைக் கழற்றிக்கொண்டு தனியாக வெளியேறுவது வேலைநிறுத்தம் அல்ல. ஆலைத் தொழிலாளிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2019 செப்டம்பரில் நடந்த செஃப் கம்பெனி விவகாரத்தைப் பாருங்கள். அமெரிக்கக் குடியேற்றத் தடுப்பு இலாகாவான ஐஸ் அமைப்புக்குச் செஃப் புரோகிராம் விற்பது தெரியவந்தது. குடியேறியவர்களின் குடும்பங்களைப் பிரித்துத் தடுப்புக்காவலில் வைத்ததற்காக உலகமே கண்டித்த கொள்கையை நடத்திய இலாகா அது. அங்கே முன்பு வேலை பார்த்த சேத் வார்கோ, தாம் எழுதிய 'செஃப் சுகர்' என்ற பொட்டலத்தை 19ஆம் தேதி ரூபிஜெம்ஸ் என்ற களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். கம்பெனி பிரதி எடுத்து வைத்துச் சமாளித்துக்கொண்டது. முதலில், ஒப்பந்தத்தை விடமாட்டோம் என்றே தலைமை நிர்வாகி கூறினார். ஆனால் கம்பெனிக்குள்ளும் வெளியிலும் எதிர்ப்பு வளர்ந்தது. 23ஆம் தேதி, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் புதுப்பிக்கமாட்டோம் என்று கம்பெனி அறிவிக்க வேண்டியதாயிற்று. பொட்டலத்தை எடுத்தது தீக்குச்சி. பணிய வைத்தது கூட்டத்தின் குரல். இந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

வேறு வழி இருக்கிறது

"அப்படியானால் என்னதான் செய்வது? யாராவது ஒருவர் சாவி வைத்திருக்கத்தானே வேண்டும்?" என்று கேட்பார்கள். சாவி இருக்கட்டும், அது யாருக்குப் பதில் சொல்கிறது என்பதே கேள்வி.

1993இல் தொடங்கிய டெபியன் என்ற ஸ்தாபனத்தைப் பாருங்கள். அதற்கு முதலாளி இல்லை. 1997இல் சமூக ஒப்பந்தம் ஒன்றை நிறைவேற்றியது. 1998இல் தனக்கென அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. தலைவரை அங்கத்தினர்கள் ஆண்டுதோறும் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பொட்டலத்தை நீக்க வேண்டுமா? காரணத்தை எழுதிப் பகிரங்கமாக விண்ணப்பம் வைக்க வேண்டும். அதை நம்பியிருக்கும் வேறு பொட்டலங்கள் எவை என்று பார்க்கிறார்கள். கவனிக்க ஆளில்லாத பொட்டலம் உடனே குப்பைக்குப் போவதில்லை. அநாதை என்று அறிவித்து வேறு பொறுப்பாளரைத் தேடுகிறார்கள். பழைய பிரதிகளும் தனியே பாதுகாக்கப்படுகின்றன.

2023இல் வெளிவந்த டெபியன் 12இல் 64,419 பொட்டலங்கள் இருந்தன. முந்திய வெளியீட்டில் இருந்த 6,296 பொட்டலங்கள் காலாவதியானவை என்று நீக்கப்பட்டன. அங்கே 11 வரி மறைந்தது, உலகம் தடுமாறியது. இங்கே ஆறாயிரத்துக்கு மேல் போயும் அந்த அமளி இல்லை. விதி பகிரங்கமாக இருந்தால் இப்படித்தான்!

பெயர்ச் சண்டை டெபியனுக்கும் வந்தது. 2006இல் மோசில்லா தன் ஃபயர்ஃபாக்ஸ் முத்திரை பற்றிக் கண்டிப்புக் காட்டியது. டெபியன் பகிரங்கமாக விவாதித்தது. பெயரை ஐஸ்வீசல் என்று மாற்றிக்கொண்டது. புரோகிராம் மட்டும் ஒரு நாளும் ஜனங்கள் கையை விட்டுப் போகவில்லை. பத்தாண்டு கழித்து, கிக் சண்டை நடந்த அதே 2016இல், அந்தப் பிணக்கு தீர்ந்து பழைய பெயரும் திரும்பியது.

டெபியனில் சண்டையே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 2014இல் சிஸ்டம்டி என்ற புரோகிராம் பற்றிக் கடும் சண்டை. வோட்டெடுப்பு வரை போயிற்று. காலதாமதம் ஆகும் என்பதும் மெய். ஆனால் சபை கூடிச் சண்டை போடுவதும், பூட்டிய அறையில் ஒருவன் முடிவெடுப்பதும் ஒன்றாகுமா?

லாப நோக்கமில்லை என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரூபிஜெம்ஸை நடத்தும் ரூபி சென்ட்ரல் லாப நோக்கமற்ற ஸ்தாபனமே. 2025 செப்டம்பரில், பல ஆண்டு அந்தக் களஞ்சியத்தைப் பராமரித்தவர்களின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டது. பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னது. பாதுகாப்பு வேண்டியதுதான். ஆனால் பராமரித்தவனைக் கேளாமலே பூட்டை மாற்றுவது எந்த வகைப் பாதுகாப்பு?

விஷத்தை உடனே நீக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. 2018இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற பொட்டலத்தைத் தொடர்ந்து கவனிக்க நேரமில்லாமல், செய்தவர் முன்பின் அறியாத ஒருவனிடம் ஒப்படைத்தார். அவன் பிட்காயின் திருடும் விஷத்தை அதில் கலந்தான். அதை ஒரு நிமிஷம்கூட வைத்திருக்கக்கூடாது. ஆனால் விஷம் வந்த வழி என்ன? கூலியில்லாமல் களைத்துப்போன ஒரு உழைப்பாளி! அதை மறந்துவிட்டுக் கட்டுப்பாடு, கட்டுப்பாடு என்று மட்டும் கூவுவது நோயை விட்டு நோயாளியை அடிப்பதாகும்.

ஆகவே நமது தீர்ப்பு இது:

1. எதை நீக்கினாலும் முன்னறிவிப்பும் எழுத்தில் காரணமும் வேண்டும். விஷமானால் உடனே நீக்கட்டும்; ஆனால் பிறகு கணக்குச் சொல்லட்டும்.

2. கம்பெனிக்கு ஒரு விதி, தனி உழைப்பாளிக்கு ஒரு விதி கூடாது. வக்கீல் நோட்டீஸ் கண்டு விசாரணையில்லாமல் பெயரைப் பிடுங்கக்கூடாது.

3. செய்தவன் விலக விரும்பினால் மரியாதையோடு விலகலாம். பழைய பிரதி ஊருக்கு இருக்கட்டும். பொறுப்பு வேறு கைக்கு முறையாக மாறட்டும்.

4. சாவி வைத்திருப்பவர்கள் பண்டம் போட்டவர்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தவறினால் அவர்களே திரும்ப அழைக்க வேண்டும்.

5. பொட்டலத்தின் மேல் லாபம் குவிக்கும் கம்பெனிகள், அதைக் கட்டிய கைகளுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

இதில் எதுவும் நடக்காத காரியமல்ல. முதல் நான்கில் பெரும்பகுதியை முதலாளியில்லாத ஒரு ஸ்தாபனம் பல ஆண்டுகளாக நடத்திக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவதைத் தனித்தனியாக யாரும் வாங்கித் தந்துவிட முடியாது. சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும்.

களஞ்சியத்தை நிரப்பியவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்ததில்லை. ஒரே ஊரும் அல்ல, ஒரே மொழியும் அல்ல. ஆனாலும் அவர்கள் ஒரே வேலைத்தலத்தின் தொழிலாளர்களே. அதை அவர்கள் உணரும் நாளில், 'யார் எடுப்பது?' என்ற சண்டை, 'யார் ஆள்வது?' என்ற சரியான கேள்வியாக மாறும். அதுவரை சாவியை வைத்திருப்பவன் நியாயம் பேசுவான். பண்டம் போட்டவன் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பான்!