வீட்டுக்கு முன் பள்ளி

மூலக்குளம் பக்கம் குடிபெயர விரும்பும் நம் குடும்பங்கள் முதலில் விசாரிப்பவை வீட்டு வாடகையும் பள்ளிவாசலின் தூரமும்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த வரிசை மாற வேண்டும். பழகிய ஆசிரியரும் பழகிய நேரமும் ஒரே நாளில் இல்லாமற்போனால் அப்பிள்ளை கலங்கிவிடுகிறது. அக்கலக்கத்தை நாம் ‘அடம்’ என்கிறோம்.

எனவே முன்பணம் கொடுக்குமுன் சிறப்புப் பள்ளியை நேரில் பாருங்கள். புதுச்சேரியில் சத்யா சிறப்புப் பள்ளி உள்ளது. சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் உள்ளது. பழைய பள்ளியின் மதிப்பீட்டு அறிக்கையையும் பயிற்சிக் குறிப்புகளையும் கையோடு கொண்டு வாருங்கள். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புச் சான்று பெற்ற, 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அது அளிக்கிறது. இது சலுகையன்று, உரிமை. கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆனால் சட்டம் மக்தபின் வாசல்வரை வருவதில்லை. அங்கே பொறுப்பு ஜமாஅத்தாகிய நம்முடையது. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு ‘அபஸ’ அத்தியாயம் இறங்கிய வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். கற்க வந்தவரிடம் முகம் திருப்பலாகாது என்பதே அதன் பாடம். அப்படியிருக்க, “இவன் ஓத மாட்டான், வீட்டிலேயே இருக்கட்டும்” என்று சொல்ல நமக்கு ஏது நியாயம்?

இரைச்சலில்லாத ஓர் இடம், பொறுமையுள்ள ஓர் உஸ்தாத், தினமும் கால் மணி நேரம். ஒவ்வொரு மஹல்லாவும் இவ்வளவையாவது ஏற்பாடு செய்யட்டும். புதிதாக வரும் குடும்பத்துக்கு நாம் சொல்லும் ஸலாமுக்கு அப்போதுதான் பொருள் உண்டு.