எத்தனை கோப்பு வரும் என்று கேட்காதீர்கள்

தரவுப் பகுப்பாய்வு பைப்லைன் ஓடத் தொடங்கும் முன்பே அதன் எல்லாப் படிகளும், எல்லா வெளியீட்டுக் கோப்புகளும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவை நம்ப முடியாது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இப்படித்தான் சொல்லித்தரப்படுகிறது. இந்தப் பாடம் தவறு.

இந்தச் சிந்தனைக்குத் தாய்வீடு, 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்'. மென்பொருளைத் தொகுக்கப் பிறந்த கருவி அது. அங்கே எந்தக் கோப்பிலிருந்து எது பிறக்கும் என்பது எழுதியவருக்கே தெரியும். ஆய்வுத் தரவு அப்படியா? ஒரு பிடி மண்ணிலுள்ள டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தி, துண்டுகளை உயிரி வாரியாகப் பிரிக்கிறோம். எத்தனை தொகுதிகள் தேறும்? அதைக் கண்டறியத்தானே ஆய்வே!

விடையை முன்கூட்டியே கேட்டால் குறுக்குவழிதான் பிறக்கும். சிலர் 'ஐம்பது போதும்' என்று எண்ணை அடித்துவைக்கிறார்கள். ஐம்பத்தொன்றாவது தொகுதி சத்தமில்லாமல் காணாமல் போகிறது. சிலர் நட்சத்திரக்குறி போட்டுக் கோப்புறையில் கிடப்பதையெல்லாம் அள்ளுகிறார்கள். நேற்று பன்னிரண்டு, இன்று ஒன்பது என்றால், நேற்றைய மிச்சம் மூன்றும் இன்றைய கணக்கில் ஏறிவிடும். இரண்டிலும் பிழைச்செய்தி வராது.

தரவின் அளவை முன்பே தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து 2020இல் பார்த்தது. கொரோனா முடிவுகளைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றினார்கள். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டன. தொற்றுக்கு ஆளானவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமானது.

இன்று கருவிக்குப் பஞ்சமில்லை. பைப்லைன் கருவியான ஸ்நேக்மேக்கின் 'செக்பாயின்ட்', ஒரு படி முடிந்ததும், எந்தப் படி எதைச் சார்ந்தது என்ற படத்தைத் திரும்பக் கணக்கிடும். இன்னொரு கருவியான ஏர்ஃப்ளோ 2022இல் வந்த 2.3 பதிப்பிலேயே, ஓடும்போதே பணிகளைப் பெருக்கும் வசதியைத் தந்துவிட்டது.

முழுப் படத்தையும் முன்னோட்டத்தில் பார்க்க முடியாதே என்பார்கள். உண்மைதான், பிழை தேடுவதும் சற்றுக் கடினம். ஆனால் நம்பகம் படத்தில் இல்லை. உள்ளீடு, மென்பொருள் பதிப்பு, சீரற்ற எண்ணின் விதை ஆகியவற்றைப் பூட்டுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனிக் கோப்புறை கொடுங்கள். பிறந்த கோப்புகளின் பட்டியலை எழுதுங்கள். அடுத்த படி அந்தப் பட்டியலை மட்டுமே படிக்கட்டும். எதுவும் பிறக்கவில்லையென்றால் 'சுழியம்' என்றே பதியுங்கள். அப்போதுதான் கிடைக்காததும் கெட்டுப்போனதும் வேறுவேறு என்று தெரியும்.

மாறாமலிருக்க வேண்டியது விதி. எண்ணிக்கையைத் தரவே சொல்லட்டும்.