கடாரம் பேசுவோம், கடலையும் கற்போம்

தமிழ்மொழி விழாவாகட்டும், பேச்சுப் போட்டியாகட்டும், கடாரத்தைத் தொடாமல் மேடையை விட்டு இறங்கும் பேச்சாளர்கள் நம்மிடையே குறைவு. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை வங்கக் கடலைக் கடந்து வந்ததைச் சொன்னதும் அரங்கில் கைதட்டல் எழும். அடுத்து, ‘கட்டுமரம்’ என்ற நம் சொல் ஆங்கிலத்தில் ஏறி உலகெங்கும் சென்ற கதை வரும். மீண்டும் கைதட்டல். இரண்டும் பெருமைப்பட வேண்டியவைதாம். ஆனால், கைதட்டும் நம்மில் எத்தனை பேருக்குப் பாய்மரப் படகில் ஒரு கயிற்றைச் சரியாகக் கட்டத் தெரியும்? அதைவிட எளிய கேள்வி: எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? மேடையில் யாரும் கேட்காத இந்தக் கேள்வியை நம் கழகத்தின் ஆண்டு மலரில் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

நான் யோங் பெங்கைச் சேர்ந்தவள். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த, விரைவுப் பேருந்துகள் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகும் ஊர். பத்து பகாட் கடற்கரைக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடல் என்றால் பொதுவிடுமுறையில் சோற்றுப் பொட்டலத்தோடு போய், கால் நனைத்துவிட்டுத் திரும்பும் இடம். சாதகத்தில் ‘தண்ணீரில் கண்டம்’ என்று எழுதியிருந்தால் அதுவும் கிடையாது. பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நம் முன்னோரில் பெரும்பாலோர் கடலைக் கடந்தவர்கள்; கடலோடியவர்கள் அல்லர். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர். வந்து இறங்கியவர்களைத் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். பிறகு இரயிலிலும் லாரியிலும் ஏற்றி உள்நாட்டுத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். நெசவாளரும் உழவரும் பால்மரம் வெட்டக் கற்றுக்கொண்டார்கள். கடலைக் கற்க அவர்களுக்கு வேலையும் இல்லை, வாய்ப்பும் இல்லை. சோழனின் கடற்படையைப் பற்றிப் பேசும்போது நாம் இந்த மேல்தளப் பயணிகளை மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் கடலோடிய தமிழர்கள் சோழர் காலத்தோடு முடிந்துவிட்டார்களா? இல்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலின் கதையை நம் மேடைகளில் நான் கேட்டதே இல்லை. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தவர். படகின் நல்லது கெட்டது அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் வல்வெட்டித்துறைத் தச்சர்கள் கட்டிய 89 அடிக் கப்பலைப் பார்த்து, விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். அது 1937-இல் இலங்கையிலிருந்து புறப்பட்டு, சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் பெருங்கடல் என்று கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்றவர்களில் தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் இருந்தார்கள். அரசனும் இல்லை, படையும் இல்லை. தம் தொழிலை நன்றாக அறிந்த சாதாரண மனிதர்கள். கடாரத்துக்குக் கைதட்டும் நாம் இவர்களுக்கு எழுந்து நின்றல்லவா கைதட்ட வேண்டும்?

‘அது பரம்பரைத் தொழில், நமக்கு எப்படி வரும்?’ என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை 2025-இல் கிடைத்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி என்ற தமிழ்ப் பெண், கேரளத்தைச் சேர்ந்த தில்னாவுடன், இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தார். படகின் நீளம் 17 மீட்டர்தான். இருவர் மட்டுமே அதைச் செலுத்தினார்கள். 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவில் புறப்பட்டு, ஆஸ்திரேலியாவின் பிரீமாண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், பால்க்லாந்துத் தீவின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நான்கு இடங்களில் நின்று, 2025 மே 29-இல் கோவா திரும்பினார்கள். கடந்த தொலைவு 25,000 கடல் மைலுக்கு மேல். கிலோமீட்டரில் சொன்னால் 46,000-க்கும் அதிகம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரூபா கடற்படையில் ஆயுத ஆய்வுப் பிரிவின் அதிகாரி. தில்னா பொருள் வழங்கல் பிரிவின் அதிகாரி. பாய் விரிப்பது இருவருக்குமே அன்றாட வேலை அன்று. தனியாக உலகைச் சுற்றி வந்த அபிலாஷ் டோமியிடம் ஏறத்தாழ மூன்றாண்டு பயிற்சி பெற்றுத்தான் கிளம்பினார்கள். ஒரு பட்டப்படிப்புக்கு நாம் செலவிடும் காலம் அது. கடலறிவு கற்றால் வருவது என்பதற்கு வேறு சான்று தேவையா?

நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. டத்தோ அஸார் மன்சோர் 1999 பிப்ரவரி 2-இல் லங்காவியிலிருந்து ‘ஜாலூர் கெமிலாங்’ படகில் தனியாகப் புறப்பட்டு, 190 நாள்களில், ஆகஸ்ட் 11-இல் அதே லங்காவிக்குத் திரும்பினார். நடுவழியில் பாய்மரம் முறிந்தும் பயணத்தைக் கைவிடவில்லை.

எல்லாரும் உலகைச் சுற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜொகூரிலிருந்து மலாக்கா நீரிணைக் கரையோரமாக லங்காவி வரை ஒரு சிறு படகில் போவதையே எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டர் படகின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். யோங் பெங்கிலிருந்து கோலாலம்பூருக்கு விரைவுப் பேருந்து மூன்று மணி நேரத்தில் கடக்கும் தொலைவுக்கு அந்தப் படகுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். ஏற்றவற்றத்தைக் கணக்கிட்டுப் புறப்பட வேண்டும். இல்லாவிட்டால் நீரோட்டம் பின்னுக்குத் தள்ளும். பெரிய கப்பல்களின் பாதைக்குள் போகாமல், கரைப்பக்கத்து மீன்வலைகளிலும் சிக்காமல் நடுவே போக வேண்டும். விடியற்காலையில் மேற்கிலிருந்து திடீரென வீசும் ‘சுமத்ரா’ சூறைக்கு முன்பே பாயைச் சுருக்க வேண்டும். காற்று எதிரே வந்தால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சென்றுதான் முன்னேற முடியும். இரவில் ஒருவர் தூங்க, மற்றவர் விழித்திருந்து காவல் காக்க வேண்டும். பொறுமை, கணக்கு, கூட்டுறவு, பொறுப்பு ஆகியவற்றை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் வகுப்பறை எது?

இதற்கும் தமிழ்மொழிக் கழகத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் தமிழில் பெயர் உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கு இவை தேர்வுக்கு மனனம் செய்த சொற்கள். யாழ்ப்பாணத்துக் கடலோடிகள் சோழகம், கச்சான் என்றும் காற்றுகளைப் பிரித்தறிந்தார்கள். எந்தக் காற்றில் பாயேற்றுவது, எதில் கரையில் இருப்பது என்று முடிவு செய்ய அந்தச் சொற்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. தண்டையல், சுக்கான், நங்கூரம் எல்லாம் அப்படித்தான். ஒரு தொழிலை விட்டு நாம் விலகும்போது அதன் சொற்களும் நம்மை விட்டு விலகுகின்றன. மொழியைக் காப்போம் என்று முழங்குகிற கழகத்திற்கு இது கவலை தர வேண்டிய செய்தி அல்லவா?

‘படகோட்டம் பணக்காரர் விளையாட்டு, நம் சமுதாயத்திற்கு வேறு ஆயிரம் சிக்கல்கள் இருக்கின்றன’ என்ற மறுப்பு வரும். அதில் பாதி உண்மை. படகு வாங்கப் பெரும்பணம் வேண்டும். ஆனால் படகில் ஏறக் கற்க அவ்வளவு பணம் வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களில் பலாப்பேஸ் கடற்படைப் பிரிவு இருக்கிறது; சேருவோருக்குப் படித்தொகையும் கிடைக்கிறது. அரச மலேசியக் கடற்படையின் ‘துனாஸ் சமுத்ரா’ இளைஞர்களுக்குப் பாய்மரப் பயிற்சி தருவதற்கென்றே 1989-இல் கட்டப்பட்ட கப்பல். கிள்ளானில் தொடங்கி பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை செல்லும் ராஜா மூடா சிலாங்கூர் படகுப் போட்டி 1990-இல் தொடங்கியது. அப்படகுகளைச் செலுத்தவும் கைகள் தேவை. இவற்றில் சேரும் படிவம் தேசிய இடைநிலைப்பள்ளியில் சீருடை இயக்கப் படிவத்தை நிரப்பிய நமக்குப் புதிதன்று. நாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சமுதாயச் சிக்கல் என்றால் இதுவும் ஒன்றுதான். நீர்வீழ்ச்சிக்கும் ஆற்றுக்கும் உல்லாசமாகப் போன நம் பிள்ளைகள் திரும்பி வராத செய்தியை நாளிதழ்களில் படித்துப் பெருமூச்சு விடுகிறோம். நீச்சல் தெரியாமல் வளர்வதற்கு நாம் கொடுக்கும் விலை அது. தண்ணீரில் கண்டம் இருப்பவருக்குத்தான் முதலில் நீச்சல் கற்பிக்க வேண்டும்.

எனவே கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வரும் கல்வியாண்டில் பேச்சுப் போட்டி ஒன்றின் செலவைக் குறைத்து, உறுப்பினர்களுக்கு ஒரு பருவம் நீச்சல் வகுப்பு நடத்துவோம். அதில் தேறியவர்களைப் பாய்மரப் படகின் அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்புவோம். துறைமுகங்களிலும் கப்பல்களிலும் பணியாற்றும் முன்னாள் மாணவர்கள் வந்து வழிகாட்ட வேண்டும். ரஜூலாவில் வந்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் அந்தப் பயணத்தைக் கேட்டு எழுதி, அடுத்த மலரில் வெளியிடுவோம்.

கடாரத்தைப் பற்றி இனியும் பேசுவோம். பேசுகிறவர் ஒரு முறையாவது கையில் சுக்கானைப் பிடித்தவராக இருந்தால் அந்தப் பேச்சுக்கு நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.