உடம்பு பெரிது என்பதற்காக அடிக்க வேண்டுமா?

கல்லிடைக்குறிச்சியானாலும் ஆற்றுக்கு அக்கரையில் அம்பாசமுத்திரமானாலும், மைதானத்தில் ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் ஓரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பும். "ஏல, இவ்ளோ பெரிய ஒடம்ப வச்சிக்கிட்டு என்னல பாத்துட்டு நிக்க? நம்ம பயலத் தள்ளிவிட்டுட்டுப் போறாம்லா!" ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறடியைத் தொட்டுவிட்ட பையனைத்தான் அந்தக் குரல் தேடுகிறது. பந்தை எடுக்கச் சொல்லவில்லை. ஆளை அடிக்கச் சொல்கிறது.

வாட்டசாட்டமான ஆட்டக்காரன் என்றால் சண்டைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்ற எண்ணம் தாமிரபரணிக் கரைக்கு மட்டும் உரியதல்ல. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கியில் அது ஒரு வேலையாகவே நெடுங்காலம் இருந்தது. 'என்ஃபோர்சர்' என்று அந்த ஆளுக்குப் பெயர். அந்த எண்ணம் நம் ஹாக்கிக்குள்ளும் எட்டிப் பார்க்கும்போது கவலைப்படக் காரணம் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊர்தான் தமிழ்நாட்டு ஹாக்கியின் நாற்றங்கால். அங்கே செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்ப் பையன். அந்த வழியில் போக நினைக்கும் பையன்களில் உடம்பு வளர்ந்தவனிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பது அவன் வாழ்க்கையையே திருப்பிவிடும்.

சண்டைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் முதலில் எடுத்துவைப்பது பாதுகாப்பு வாதத்தை. திறமையான சின்ன ஆட்டக்காரனை எதிரணி முரட்டுத்தனமாகச் சாய்க்கும். பக்கத்தில் ஒரு மலைபோன்ற ஆள் நின்றால் தொடப் பயப்படும் என்பார்கள். உதாரணத்துக்கு வேய்ன் கிரெட்ஸ்கியைக் காட்டுவார்கள். ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய ஆட்டக்காரரான அவருக்கு எட்மண்டன் அணியில் டேவ் செமென்கோவும் மார்ட்டி மெக்ஸார்லியும் காவல் நின்றார்கள். 1988-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியபோது மெக்ஸார்லியும் கூடவே போனார். இருக்கிற வாதங்களில் வலுவானது இதுதான். ஆகவே இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் என்.ஹெச்.எல். லீக்கில், 2004 பிப்ரவரி 16 அன்று கொலராடோவின் ஸ்டீவ் மூர், வான்கூவர் அணியின் கேப்டன் மார்க்கஸ் நஸ்லுண்டை மோதிச் சாய்த்தார். நஸ்லுண்டுக்குத் தலையில் அடி. பழிதீர்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மார்ச் 8 அன்று இரண்டு அணிகளும் மறுபடி மோதியபோது முதல் பகுதியிலேயே வான்கூவரின் மேட் குக்குடன் மூர் கைகலப்பில் இறங்கினார். இந்த ஆட்டத்தின் எழுதாத சட்டப்படி கணக்கு அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மூன்றாம் பகுதியில் வான்கூவரின் பெரிய உடம்புக்காரர் டாட் பெர்டூஸி பின்னாலிருந்து மூரின் சட்டையைப் பிடித்து, தலையின் பின்பக்கம் குத்தி, அவர் மேலேயே விழுந்தார். மூரின் கழுத்தெலும்புகளில் மூன்று முறிந்தன. அதன்பின் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பெர்டூஸி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கிரெட்ஸ்கிக்குக் காவல் நின்ற மெக்ஸார்லி என்ன ஆனார்? 2000 பிப்ரவரி 21 அன்று, பாஸ்டனுக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, வான்கூவரின் டொனால்ட் பிரஷியரைத் தலையில் மட்டையால் அடித்தார். அவர்கள் இருவரும் அன்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு முறை குத்திக்கொண்டவர்கள்தான். ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருந்தபோது விழுந்தது அந்த அடி. நீதிமன்றம் மெக்ஸார்லியைக் குற்றவாளி என்றது. அவரும் அந்த லீக்கில் திரும்ப ஆடவில்லை. ஒரு சண்டை அடுத்த சண்டையைத் தடுக்கும் என்பவர்கள் இந்த இரண்டு இரவுகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் ஹாக்கியில் அந்தக் காவலுக்கான தேவையே இல்லை. எதிராளியின் உடம்பையோ மட்டையையோ சட்டையையோ தொடவே கூடாது என்கிறது விதி. மீறினால் நடுவரின் சட்டைப்பையில் மூன்று கார்டு. பச்சை காட்டினால் இரண்டு நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம். சிவப்பு என்றால் அத்தோடு சரி, அணி மிச்ச ஆட்டம் முழுவதும் ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும். அணியினர் அனைவரின் நடத்தைக்கும் பொறுப்பு கேப்டனுடையது என்றும் விதி சொல்கிறது. அந்தப் பொறுப்பை அணியிலேயே உயரமானவன் தலையில் ஏற்ற விதியில் இடமில்லை. தமிழ்ப் பெற்றோருக்குப் புனே அருகே கட்கியில் பிறந்த தன்ராஜ் பிள்ளையின் உடம்பு ஒல்லி. நான்கு ஒலிம்பிக்கிலும் நான்கு உலகக் கோப்பையிலும் ஆடினார். எந்த அடியாளும் அவருக்குக் காவல் நிற்கவில்லை. அவருக்குக் காவல் அவருடைய வேகம்.

அடுத்த வாதம், கார்டு வந்தால் வரட்டும், அணிக்காகத்தானே வாங்கினான் என்பது. அணி அதற்கு என்ன விலை கொடுக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. கிரேட் பிரிட்டனுக்கு எதிராக 17-ஆம் நிமிடத்தில் இந்தியத் தற்காப்பு ஆட்டக்காரர் அமித் ரோஹிதாஸின் மட்டை எதிராளியின் தலையில் பட்டது. வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிவப்பு கார்டு காட்டினார்கள். அது சண்டையல்ல, வேண்டுமென்று செய்ததும் அல்ல என்று இந்தியத் தரப்பு வாதாடியது. அந்த வாதம் எடுபடவில்லை. மிச்சமிருந்த நாற்பது நிமிடத்துக்கும் மேலாகப் பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட்-அவுட்டில் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் கைகளால் 4-2 என்று இந்தியா கரையேறியது. நாடே கொண்டாடியது. கணக்கு அங்கே முடியவில்லை. ரோஹிதாஸுக்கு ஒரு ஆட்டத் தடை வந்தது. ஆகஸ்ட் 6 அன்று ஜெர்மனியுடன் அரையிறுதி. பெனால்டி கார்னரில் முதல் ஆளாகப் பாய்ந்து வரும் ரோஹிதாஸ் இல்லை. ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் விழுந்தது. இரண்டாவது கோலுக்கான பெனால்டி ஸ்ட்ரோக்கும் ஒரு பெனால்டி கார்னரிலிருந்தே வந்தது. 3-2 என்று ஜெர்மனி வென்றது. இந்தியா வெண்கலத்துடன் திரும்பியது.

வேண்டுமென்று செய்யாத ஒரு தவறுக்கே இவ்வளவு விலை. வேண்டுமென்றே கைநீட்டினால்? 2019 நவம்பரில் டெல்லியில் நேரு கோப்பை இறுதி ஆட்டம். பஞ்சாப் போலீசும் பஞ்சாப் நேஷனல் பேங்கும் 3-3 என்று சமநிலையில் இருந்தபோது மைதானத்திலேயே மட்டைகளை ஓங்கி அடித்துக்கொண்டார்கள். ஹாக்கி இந்தியா 11 ஆட்டக்காரர்களை இடைநீக்கம் செய்தது. 2014-இல் புவனேஸ்வர் சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் இந்தியாவை 4-3 என வென்ற பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் கூட்டத்தை நோக்கி ஆபாச சைகை காட்டினார்கள். அங்கே யார்மேலும் கைகூடப் படவில்லை. ஆனாலும் இருவருக்கு இறுதி ஆட்டத்தில் ஆடத் தடை. அந்த இறுதியில் ஜெர்மனியிடம் பாகிஸ்தான் தோற்றது.

கூட்டம் சண்டையைத்தான் பார்க்க வருகிறது என்பதும் எடுபடாது. வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். லீக்கில் 2008-09 சீசனில் 700-க்கு மேல் சண்டைகள் நடந்தன. பத்து ஆண்டுகளில், 2018-19 சீசனில், அது 250-க்கும் கீழே போய்விட்டது. அரங்கங்கள் காலியாகவில்லை, இப்போதும் ஒரு சீசனுக்கு இரண்டு கோடிக்கு மேல் பார்வையாளர்கள் வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்தது. இறுதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கிய இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்றது. அன்று அரங்கம் அதிர்ந்தது கோலுக்காக. அதே போட்டியின் லீக் ஆட்டத்தில் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் மலேசியாவுக்கு எதிராகக் கோல் போட்டபோதும் அப்படித்தான்.

அடிக்காமல் ஒதுங்கினால் கோழை என்ற பேச்சுதான் பதினாறு வயதுப் பையனை உண்மையில் சுடுகிறது. மைதானத்தில் துணிச்சல் எங்கே தேவைப்படுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் ஒரு பெனால்டி கார்னரைக் கிட்டே நின்று பார்க்கட்டும். கோல் கோட்டுக்குப் பின்னால் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர். முகத்தில் மாஸ்க், முழங்காலில் காப்பு, கையில் உறை. முதலில் பாய வேண்டியவன் ஒரு காலை முன்வைத்துக் குனிந்து நிற்கிறான். பந்து உள்ளே வந்த அந்தக் கணத்தில் அவன் கிளம்புகிறான். அரைவட்டத்தின் விளிம்பு பதினான்கரை மீட்டர் தூரம். அங்கே ஒருவன் பந்தை மட்டையால் இழுத்து வீசப் போகிறான். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில், 156 கிராமுக்குக் குறையாத கெட்டிப் பந்து. பாய்கிறவன் அந்தப் பந்தின் பாதையிலேயே, வலப்பக்கமா இடப்பக்கமா என்று முன்பே பேசிவைத்த கோட்டில், நேராக ஓடுகிறான். விலகினால் கோல். ஓடினால் தொடையிலோ நெஞ்சிலோ அடி விழலாம். எல்லாம் இரண்டு வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. பந்து தள்ளிப் போனதும் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடுகிறான். இந்த ஓட்டத்தை ஓடுகிற ஒருவனைப் பார்த்து, நீ ஏன் அவன் சட்டையைப் பிடிக்கவில்லை, பயமா என்று கேட்க எவருக்கும் வாய் வரக்கூடாது.

பெரிய உடம்புக்கு ஹாக்கியில் வேலை இல்லாமல் இல்லை. பாகிஸ்தானின் சோஹைல் அப்பாஸ் அந்த உடம்பை, பந்தை இழுத்து வீசும் டிராக்-ஃப்ளிக்குக்குக் கொடுத்து 348 சர்வதேச கோல் அடித்தார். ஆறடிக்கு மேல் உயர்ந்த ரூபிந்தர் பால் சிங், 2021-இல் டோக்கியோ வெண்கல ஆட்டத்தில் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒரு கோல் போட்டார். இந்தியா ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டு வறட்சியை முடித்தது. அதற்கு முந்தைய பதக்கம் தமிழ்நாட்டின் வி. பாஸ்கரன் தலைமையில் 1980-இல் மாஸ்கோவில் வாங்கிய தங்கம். உடம்பில் உடம்பு மோதியே ஆக வேண்டிய கபடியிலும் இதே நியாயம்தான். பிடிக்கலாம், மடக்கலாம், தூக்கிப் போடலாம், குத்தினால் கார்டு. தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பி 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கமும் பிறகு அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனை ஊர் கொண்டாடுவது ஆட்டத்துக்காகத்தான்.

அடிக்கச் சொல்லும் எதிர்பார்ப்பின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதற்கு டெரிக் பூகார்டின் வாழ்க்கை போதும். கனடாவில் வளர்ந்த பையன், ஆறரை அடிக்கும் மேல் உயரம். பள்ளிப் பருவத்தில் ஒரு ஆட்டத்தில் எதிரணியினர் உட்கார்ந்திருந்த இடத்துக்குள்ளேயே புகுந்து அடித்தான்; அதைப் பார்த்தே அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு அவனிடம் எவரும் வேறு எதையும் கேட்கவில்லை. என்.ஹெச்.எல். லீக்கில் 277 ஆட்டங்கள், மூன்றே கோல். கைகள் உடைந்தன, தலையில் அடிமேல் அடி, வலி மாத்திரைகள் பழக்கமாயின. 2011 மே மாதம், 28 வயதில், மாத்திரையும் மதுவும் கலந்து இறந்துபோனார். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் மூளையைச் சோதித்தபோது, தொடர்ந்து தலையில் அடி வாங்குகிறவர்களுக்கு வரும் மூளைச் சிதைவு இருந்தது தெரிந்தது. அதே கனடாவில், கியூபெக்கின் இளையோர் ஐஸ் ஹாக்கி லீக் 2023-24 சீசனிலிருந்து, சண்டை போட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம் என்று விதியை மாற்றிவிட்டது. அங்கே ஆடுகிறவர்கள் பதினாறு முதல் இருபது வயதுப் பிள்ளைகள்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அணியில் வளர்ந்த பையன் ஒருவன் இருப்பான். அவனைத் தனியே கூப்பிட்டு, டிராக்-ஃப்ளிக்குக்குத் தோளையும் இடுப்பையும் எப்படித் திருப்புவது என்று சொல்லிக்கொடுங்கள். பெனால்டி கார்னரில் பாய்ந்து வர மாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுங்கள். யாராவது தள்ளினால் நடுவரிடம் பேச வேண்டியவன் கேப்டன் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவையுங்கள். மைதான ஓரத்திலிருந்து "பாத்துட்டு நிக்கியா" என்று கத்துகிற பெரியவரிடமும் போய்ப் பேசுங்கள். அது உங்கள் வேலைதான்.