அம்மாவின் புதுப் பல்லைத் தீட்டிவிடுவது யார்?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எங்கள் வீடுகளில் முதலில் போவது சாப்பாடு. முறுக்கை விடுவார்கள், பிறகு இறைச்சியை விடுவார்கள், கடைசியில் அம்மா சோற்றைக் கரைத்துக் குடிக்கிற நிலை வரும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், "ஊருக்குப் போகேக்கை இம்பிளான்ட் போட்டுக்கொண்டு வருவம், இங்கை விலை கூட" என்று பிள்ளைகள் நாங்கள் முடிவெடுக்கிறோம். முடிவில் பிழையில்லை. அதை நாளாந்தம் துப்புரவு செய்யப்போவது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் டைட்டேனியம் திருகு. சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனமார்க் 1965 இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு, இரண்டு இம்பிளான்ட்டில் கவ்வி நிற்கும் கட்டுப்பல்லே முதல் தெரிவாக இருக்கவேண்டும் என்று 2002 இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் கூறினார்கள். நாக்கு அசையும்போதெல்லாம் கிளம்பி ஆடும் கட்டுப்பல்லோடு அவதிப்பட்டவர்களுக்கு இது பெரிய நிம்மதிதான்.

டைட்டேனியத்தில் சொத்தை வராது. ஆனால் இயற்கைப் பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் அதற்கு இல்லை. முரசு அதைச் சும்மா அணைத்து நிற்கிறது, அவ்வளவே. அந்த இடுக்கில் பக்டீரியாப் படலம் படிந்தால் முரசு சிவந்து, தீட்டும்போது இரத்தம் கசியும். அப்போதே கவனித்தால் மாற்றிவிடலாம். விட்டால் எலும்பு கரையும். பெரும்பாலும் வலியில்லாமலே கரையும் என்பதுதான் வில்லங்கம். முரசு நோயால் பல்லை இழந்தவர்கள், புகைப்பவர்கள், சீனி வருத்தம் கட்டுப்படாதவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே பல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பின் புண் ஆறுவதைக் கெடுக்கக்கூடியவை.

வாய்க்கிருமி வாயோடு நிற்பதுமில்லை. தூக்கத்தில் எச்சிலோடு நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியாவைக் கொண்டுவரும். ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலுமான 524 பேரை அவதானித்து 2015 இல் வெளியான ஆய்வில், கட்டுப்பல்லோடு தூங்கியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. ஆகவே இரவில் கழற்றி, சவர்க்காரமும் மென்மையான தூரிகையும் கொண்டு தேய்த்து, தண்ணீரில் போடுங்கள். கொதிநீர் வேண்டாம், வளைந்துவிடும். பற்பசையும் வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் கிருமி குடியிருக்கும்.

எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. ஹரிஸ் பார்க்கில் ரயில் ஏறினால் பரமட்டாவுக்கு அடுத்த நிலையமே வெஸ்ட்மீட். அங்கே அரச பல் மருத்துவ நிலையம் இருக்கிறது. ஆனால் வளர்ந்தவர்களுக்கு அங்கே போகச் சலுகை அட்டை வேண்டும். நாங்கள் கூப்பிட்டு வந்த பெற்றோருக்கு முதியோர் பென்சன் வரப் பொதுவாகப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். பலரிடம் அந்த அட்டை இல்லை. வளர்ந்தவர்களின் சாதாரண பல் சிகிச்சைக்கு மெடிகெயாரும் உதவாது. முதியோருக்குத் தனிப் பல் நலத்திட்டம் ஒன்றை 2023 ஜனவரி 1 க்குள் தொடங்கும்படி முதியோர் பராமரிப்பு பற்றிய அரச ஆணைக்குழு 2021 இல் பரிந்துரைத்தது. அந்தத் திகதி கடந்து போனது, திட்டம் வரவில்லை. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் வீதி விளக்கைப் பற்றிக் கேட்கிற நாங்கள் இதையும் கேட்கலாமே.

ஊரில் போடுவதென்றால், விமானச் சீட்டுக்கு முன்னரே இங்குள்ள பல் வைத்தியர் ஒருவரிடம் முரசைக் காட்டுங்கள். எலும்போடு ஒட்டப் பல மாதம் செல்லலாம். இரண்டு கிழமை விடுமுறையில் அடக்க முயலாதீர்கள். நிரந்தரமாக இறுக்கிய பல்லைவிட, கழற்றி மாட்டும் பல்லே எண்பது வயதுக்காரருக்கு நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். மூட்டுவாதம் வந்த விரலால் அம்மாவுக்குக் கழற்ற முடியாத நாள் வந்தாலும் மகளோ தாதியோ கழற்றிக் கழுவலாம். கழற்றும் விதத்தை மகளுக்கும் காட்டித்தரச் சொல்லுங்கள். திருகின் கம்பனி, அளவு எழுதிய அட்டையையும் எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கி, அம்மாவின் கடவுச்சீட்டோடு வைத்துக் கொண்டுவாருங்கள். அது இல்லாமல் இங்குள்ளவர்களால் பொருத்தமான உதிரிப்பாகம் தேடுவது கடினம்.